வீட்டுக்கூடத்தில் ஒரு டாங்கி

'டாங்கி' என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்த் தொட்டிதான். அதில் தவறே இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் இந்தக் கவச வண்டியை ரகசியமாகக் கட்டியபோது, சேதி வெளியே கசியாமல் இருக்க, அதைத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்றுதான் சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பரில் அது பிரான்சின் சொம் போர்க்களத்தில் இறங்கி ரகசியம் உடைந்த பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றுவரை தொட்டி தொட்டிதான்.

இந்த வாரம் நான் பேசப்போவதும் ஒரு தொட்டியைப் பற்றித்தான். நீளம் 81 சென்டிமீட்டர். எடை 28 கிலோ. இரண்டு மோட்டார், இரண்டு மின்கலம், வானொலி அலையில் ஓடும். பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டிச் செய்ததல்ல. ஒட்டுப்பலகை, அலுமினியத் தகடு, எஃகுக் கம்பி, பழைய குடைத்துணி என்று ஒவ்வொன்றாகத் தேடி, அறுத்து, அரம் போட்டு, கையால் செய்தது. கடந்த 14 மாதங்களாக என் சனிக்கிழமைகள் எங்கே போயின என்று கேட்ட நண்பர்களுக்கு இதுதான் பதில்.

"வானொலியில் பேசுற பொண்ணுக்கு எதுக்கு இந்தப் பட்டறை வேலை?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் இருந்த ஒரே பதில், இதுவும் வானொலிதான் என்பது. தொலைவிலிருந்து அலையை அனுப்பி ஒரு பொருளை இயக்கலாம் என்று நிக்கோலா டெஸ்லா 1898ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டினார். வானொலி நிகழ்ச்சி, அறிவிப்பாளர் என்பதெல்லாம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தவை. ஆக, குடும்பத்தில் மூத்தது பொம்மைப் படகுதான், நாங்கள் இளையவர்கள்.

எந்த டாங்கி?

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் டைகர் அல்லது அமெரிக்க ஷெர்மன் செய்வார்கள். படங்கள், வரைபடங்கள் நிறையக் கிடைக்கும். எனக்கு நம் ஊர்ச் சாலையில் ஓடிய ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அதனால் தேர்ந்தெடுத்தது ஏஎம்எக்ஸ்-13.

இந்த டாங்கிக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவைச் சொல்லவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் தாக்கியபோது மலாயாவில் இருந்த பிரிட்டிஷ் படையிடம் டாங்கி இல்லை. ஜப்பானியரிடம் இருந்தது. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியற்காலை இருட்டில், சிலிம் ரிவர் பகுதியில், ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியே நேராக உள்ளே புகுந்தன. அங்கே நின்றது 11ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. ஒரே நாளில் அந்தப் பிரிவு சிதறிப்போனது. அடுத்த மாதம் 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு, சுதந்திரம் பெற்று மூன்று வயதுகூட நிறையாத ஒரு நாடு, தனக்கென்று டாங்கி வாங்க முடிவுசெய்தது. பிரான்சில் வடிவமைக்கப்பட்டு இஸ்ரேலியப் படையில் ஓடிய ஏஎம்எக்ஸ்-13 வண்டிகள் 72, பழுதுபார்க்கப்பட்டு இங்கே வந்தன. முதல் 30 வண்டிகள் 1969 ஜூன் மாதத்துக்குள் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அணிவகுப்பில் அவை பாடாங் முன்னால் உருண்டபோது, மக்கள் சொந்த டாங்கியை முதன்முறையாகப் பார்த்தார்கள். எங்கள் புளோக்கின் நான்காவது மாடியில் இருக்கும் அங்கிள் அன்று சிறுவன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார். பத்து ஆண்டு கழித்துத் தேசிய சேவையில் அவருக்குக் கிடைத்த வேலை, அதே வகை டாங்கியை ஓட்டுவது.

அங்கிள் உயரம் குறைவு. "அதனாலதாம்மா என்னை எடுத்தாங்க" என்று சிரிப்பார். பேச்சுக்குச் சொல்வதல்ல. ஏஎம்எக்ஸ்-13 மிகக் குறுகலான வண்டி. உள்ளே இருக்கும் மூவரும் ஏறக்குறைய 173 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கணக்கில் கட்டப்பட்டது. ஓட்டுநர் முன்னால் இடப்பக்கம், அவருக்கு வலப்பக்கத்தில் எஞ்சின். எஞ்சினின் சூடு முழுக்க அவருக்குத்தான். நம் ஊர் வெயிலில் அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆறில் ஒன்று

முதல் முடிவு அளவு. கடைகளில் விற்கும் வானொலி டாங்கிகள் பெரும்பாலும் பதினாறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஏஎம்எக்ஸ்-13இன் உடல் நீளம் 4.88 மீட்டர். பதினாறில் ஒன்று என்றால் 30 சென்டிமீட்டர், மேசைமேல் வைக்கலாம். நான்கில் ஒன்று என்றால் 1.2 மீட்டர், மின்தூக்கியில் ஏற்றி இறக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆறில் ஒன்று என்பது 81 சென்டிமீட்டர் நீளம், 42 சென்டிமீட்டர் அகலம். ஒரு தள்ளுவண்டியில் அடங்கும். வீவக வீட்டில் வாழ்பவர்களுக்கு அதுதான் எல்லை.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நீளம் ஆறில் ஒன்றாகக் குறைந்தால் எடை ஆறில் ஒன்றாகக் குறையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை 216இல் ஒன்றாகிவிடும். அசல் வண்டி சுமார் 15 டன். 216ஆல் வகுத்தால் ஏறக்குறைய 69 கிலோ. உள்ளே வெறுமையாக இருக்கும் மாதிரி அதைவிடவும் குறைவுதான். அதனால்தான் சின்ன டாங்கிகள் மேடுபள்ளத்தில் பொம்மையைப் போல் துள்ளுகின்றன. அசல் டாங்கி துள்ளாது, தலையசைக்கும். அந்தத் தலையசைப்பு வரவேண்டுமென்றால் கனமான பொருளைக் கீழே வைக்கவேண்டும், சக்கரத்தின் வில்லை மென்மையாக்க வேண்டும். மின்கலங்களை அடித்தட்டில் படுக்கவைத்ததற்கு அதுவே காரணம்.

கீழிருந்து மேலே

படத்தில் டாங்கியைப் பார்க்கும் எவருக்கும் முதலில் செய்யத் தோன்றுவது பீரங்கிக் குழாய். செய்யக்கூடாது. முதலில் அடிப்பாகம், பிறகு சக்கரம், பிறகு சங்கிலித் தடம், பிறகு மோட்டார். இந்த நான்கும் சேர்ந்து ஓடிய பிறகுதான் மேல்பாகத்தைத் தொடவேண்டும். மேலே அழகாகக் கட்டிவிட்டு, கீழே ஓடாத வண்டிக்காக எல்லாவற்றையும் பிரிப்பதைவிட மனத்தை உடைக்கும் வேலை வேறில்லை.

ஏஎம்எக்ஸ்-13இல் பக்கத்துக்கு ஐந்து சாலைச் சக்கரம். ஒவ்வொன்றும் ஒரு கையில் தொங்கும். கையின் மறுமுனை, வண்டியின் குறுக்கே ஓடும் ஓர் எஃகுக் கம்பியோடு இணைந்திருக்கும். கம்பியின் எதிர்முனை அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் மேலே எழும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது முறுக்கு அவிழும். ஈரத் துணியைப் பிழியும்போது கை உணரும் அந்த எதிர்ப்புதான் இங்கே வில். அசலில் இருப்பதையே சின்ன அளவில் செய்தேன். வில் எஃகுக் கம்பி, மூன்று மில்லிமீட்டர் கனம். மொத்தம் பத்துக் கம்பி.

இனி வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. சங்கிலித் தடம். இரு பக்கமும் சேர்த்து 150க்கும் மேற்பட்ட கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு துளை, அவற்றின் ஊடாக ஓர் ஊசி. ஒரு பக்கத்தில் 80 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். துளைகளுக்கு இடையிலான தூரம் கண்ணிக்கு 0.2 மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகும்? கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் 80ஆல் பெருக்கினால் 16 மில்லிமீட்டர். தடம் தொங்கும், இயக்கும் பற்சக்கரத்தின் பல்லில் சரியாக உட்காராமல் மேலேறும், திரும்பும்போது கழன்று விழும்.

இதற்கு அங்கிள் காட்டிய வழி, கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்த கை காட்டிய வழி. "ஒவ்வொண்ணையும் அளக்காதம்மா. ஒரு தடவை அளந்து ஜிக் செஞ்சுக்கோ. அப்புறம் அது உனக்காக அளக்கும்." ஜிக் என்பது கண்ணியை உட்காரவைக்கும் ஓர் இரும்புக் கட்டை. அதில் இரண்டு துளை மிகத் துல்லியமாகப் போடப்பட்டிருக்கும். கண்ணியை உள்ளே தள்ளி, அந்தத் துளை வழியே துளைத்தால் எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி வரும். ஜிக் செய்ய இரண்டு சனிக்கிழமை ஆனது. கண்ணிகளைத் துளைக்க ஆனதும் இரண்டே சனிக்கிழமைதான்.

அந்த நாட்களில் அரம் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். அரத்தை முன்னால் தள்ளும்போதுதான் அழுத்தவேண்டும், இழுக்கும்போது தூக்கவேண்டும். யூடியூப்பில் இதைச் சொல்லும் காணொளி ஆயிரம் இருக்கலாம். ஆனால் உங்கள் மணிக்கட்டு சாய்வதைப் பார்த்து, தொட்டு நிமிர்த்திவைக்கும் காணொளி ஒன்றுகூடக் கிடையாது.

மோட்டாரும் அலையும்

டாங்கிக்கு ஸ்டியரிங் சக்கரம் தேவையில்லை. இடப்பக்கத் தடத்துக்கு ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒரு மோட்டார். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் நேராகப் போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். இந்தக் கணக்கைப் போடுவது மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒரே விசைக்கம்பியை விரலால் தள்ளினால் போதும், கருவி பிரித்துக்கொடுத்துவிடும்.

மின்ஸ்கூட்டரில் வரும் 24 வோல்ட், 250 வாட் மோட்டார்கள் இந்த வேலைக்குப் பொருத்தம். அவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,650 சுற்று சுற்றும். நேரடியாகப் பூட்டினால் டாங்கி பறக்கும், சக்தியும் இருக்காது. என் டாங்கியின் பற்சக்கரம் 10 சென்டிமீட்டர் விட்டம், சுற்றளவு சுமார் 31 சென்டிமீட்டர். மனிதர் நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில் போகவேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 265 சுற்று போதும். எனவே பத்துக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைக்கும் பற்சக்கர அமைப்பு. வேகம் குறையக் குறைய இழுக்கும் வலு கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் என் டாங்கி புல்வெளியில் ஒரு செங்கல்மேல் ஏறி இறங்கிய நாளில்தான் அந்தப் பாடம் எனக்குள் இறங்கியது.

அடுத்தது அலை. முன்பெல்லாம் இந்தப் பொம்மைகள் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் ஓடின. ஒரே திடலில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையைப் பிடித்தால் ஒருவர் கட்டளைக்கு மற்றவர் வண்டி ஓடும். இரண்டு நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று கேட்பதைப் போலத்தான். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள், அனுப்பியும் வாங்கியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே பேசுகின்றன. பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் குழப்பமில்லை.

ஆடும் கோபுரம்

ஏஎம்எக்ஸ்-13இன் தனி அடையாளம் அதன் சுழல் கோபுரம். மற்ற டாங்கிகளில் கோபுரம் அசையாமல் நிற்க, பீரங்கி மட்டும் மேலும் கீழும் ஆடும். இதில் கோபுரமே இரண்டு துண்டு. கீழ்த்துண்டு சுழலும். மேல்துண்டு, பீரங்கியோடு சேர்ந்து, ஊஞ்சல் போல் ஆடும். பீரங்கியும் மேல்துண்டும் ஒன்றாகவே அசைவதால் குண்டு ஏற்றும் தானியங்கி அமைப்பைப் பின்னால் வைக்க முடிந்தது. ஆறு ஆறாக இரண்டு உருளை, மொத்தம் 12 குண்டு. அவை தீர்ந்தால் ஒருவர் வெளியே இறங்கி வந்துதான் நிரப்பவேண்டும். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை.

மாதிரி செய்பவருக்கும் அப்படித்தான். மேல்துண்டு முழுவதையும் ஒரு சின்ன மோட்டார் தூக்கவேண்டும். ஆடும் அச்சை எடையின் நடுப்புள்ளியில் வைத்தால் விரலால் தள்ளினாலே ஆடும். பீரங்கிக் குழாய் முன்னால் நீண்டு கனப்பதால், பின்பக்கத்தில் ஈயத் துண்டுகளை வைத்துச் சமன்செய்யவேண்டும். காய்கறிக் கடைத் தராசின் அதே தர்மம். இரண்டு துண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அசலில் மடிப்பு மடிப்பான திரை மூடியிருக்கும். அந்தத் திரைக்குத்தான் பழைய குடைத்துணி.

சத்தத்தில் மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. அது என் தொழில். எஞ்சின் ஒலியை மூன்று நொடிக்கு வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், ஒட்டுப்போட்ட இடத்தில் 'டிக்' என்று கேட்கும். ஒலி அலை சுழிக்கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டினால் கேட்காது. நேர்காணல்களில் இருமலை நீக்கும் அதே கத்தரிதான். ஒலியை முடித்து அங்கிளிடம் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "இல்லம்மா. இது டீசல். நான் ஓட்டினப்ப பெட்ரோல். இப்படிக் கரகரக்காது, உறுமும்." உண்மை. சிங்கப்பூர் தன் ஏஎம்எக்ஸ்-13களைப் பின்னாளில் மேம்படுத்தியபோதுதான் டீசல் எஞ்சின் பொருத்தியது. அங்கிளின் காலம் அதற்கு முந்தியது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் காது மறக்கவில்லை.

கவனம் தேவை

இதைப் படித்து யாராவது செய்யத் தொடங்கினால் மூன்று விஷயங்களை மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம்.

ஒன்று, 28 கிலோ எடையுள்ள பொருள் தானாக ஓடினால் அது பொம்மையல்ல. அலைத் தொடர்பு அறுந்தால் மோட்டார் உடனே நிற்கும்படி கருவியை அமைக்கவேண்டும். அமைத்ததும் சோதிக்கவேண்டும். வண்டியைக் கட்டைகள்மேல் தூக்கிவைத்து, தடம் சுழன்றுகொண்டிருக்கும்போதே கையிலுள்ள கருவியை அணைத்துப் பாருங்கள். நின்றால் மட்டுமே தரையில் இறக்குங்கள். வண்டிக்கு வெளியே, எட்டும் இடத்தில், மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஒரு பெரிய பொத்தானும் வேண்டும்.

இரண்டு, மின்கலத்தின் வாயிலேயே ஃபியூஸ். தூங்கும்போது மின்னூட்டம் கூடாது, வாசற்கதவை மறித்தும் கூடாது.

மூன்று, பிளாஸ்டிக் குண்டு சுடும் அமைப்பு வேண்டவே வேண்டாம். வேறு நாட்டுக் காணொளிகளில் பார்க்கலாம். இங்கே துப்பாக்கி தொடர்பான சட்டம் கடுமையானது. ஒரு எல்இடி விளக்கின் மின்னல், ஓர் ஒலிபெருக்கி, குழாய் பின்வாங்கும் அசைவு, இவை போதும். பிள்ளைகள் கைதட்டுவது அதற்குத்தான்.

செலவு? இதுவரை எனக்கு 1,400 வெள்ளியை நெருங்குகிறது. பாதிக்கு மேல் மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலம். சின்னச் சின்ன மின்னணுப் பாகங்களுக்கு சிம் லிம் டவர். ஸ்குவேர் அல்ல, டவர். மொத்தமாக ஒரே நாளில் வாங்கியதில்லை என்பதால் வலி தெரியவில்லை. இவ்வளவு செலவழிக்க விருப்பமில்லாதவர்கள், கடையில் கிடைக்கும் சின்ன டாங்கி ஒன்றைப் பிரித்துப் பூட்டிப் பழகலாம். முப்பரிமாண அச்சு இயந்திரத்தை நம் நூலகங்களிலேயே தொட்டுப் பழகலாம்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. போர்க்கருவியைப் பிள்ளைகள் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கலாமா என்று ஒரு நேயர் கேட்டார். என் அண்ணன் மகனுக்கு 12 வயது. டாங்கியைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை பேரைச் சுடும்?" இரண்டு மாதம் அங்கிளோடு உட்கார்ந்து கண்ணி துளைத்த பிறகு அவன் கேட்டது, "உள்ள இருந்தவங்களுக்கு மூச்சு முட்டாதா?" சிலிம் ரிவரில் சாலையோரம் நின்றவர்களைப் பற்றியும் கேட்டான். தயாராக வாங்கிய பொம்மை முதல் கேள்வியோடு நின்றுவிடும். கையால் செய்தது இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோகும் என்பதை அவனிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கிளின் சொந்தப் பேரனும் இப்போது சனிக்கிழமைகளில் வருகிறான். அடுத்த ஆண்டு தேசிய சேவைக்குப் போகவேண்டியவன். தாத்தா டாங்கி ஓட்டியவர் என்பது தனக்குத் தெரியவே தெரியாது என்றான். "நீ கேட்கவே இல்லையேடா" என்றார் அங்கிள். உண்மையில் யாரும் கேட்கவில்லை. நம் புளோக்குகளில் கடைசல் பிடித்தவர்கள், பற்றவைத்தவர்கள், மோட்டார் சுற்றியவர்கள் எத்தனையோ பேர் மாலை நேரத்தில் கீழ்த்தளத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைவேலையைச் சான்றிதழ் எதுவும் பதிவு செய்து வைக்கவில்லை. அங்கிளின் விரல்கள் இப்போதே லேசாக நடுங்குகின்றன. சிறிய துளைகளை நான்தான் போடுகிறேன், அவர் பக்கத்தில் நின்று சொல்கிறார்.

நீங்கள் டாங்கிதான் செய்யவேண்டும் என்றில்லை. படகோ ரயிலோ பாரந்தூக்கியோ எதுவானாலும் சரி. தொடங்குவதற்கு முன் உங்கள் மாடியில் இருக்கும் ஓர் அங்கிளின் கதவைத் தட்டி, "இதை எப்படிச் செய்றது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கருவிப்பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வருவார்.